சிகோங், செவ்வியல் சீன மருத்துவம்: எந்த வகுப்பில் சேருவது, எதை முதலில் படிப்பது?

புதுநாற்று

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் குழம்பி நிற்கிறேன். ஒன்று, சனி ஞாயிறு இரண்டு நாள் சிகோங் (மூச்சும் அசைவும் சேர்ந்த சீனப் பயிற்சி) பயிலரங்கு. பாதுவான்ஜின், ஐந்து விலங்கு ஆட்டம், ஆறு ஒலிகள், தசைநார் மாற்றும் பயிற்சி, மரம்போல் நிற்கும் பயிற்சி என ஐந்தையும் கற்றுத் தருவதாக அறிவிப்பில் இருக்கிறது. இன்னொன்று, செவ்வியல் சீன மருத்துவத்தில் ஓராண்டு ஆன்லைன் வகுப்பு. எதை முதலில் எடுக்கலாம்? ஆசிரியர் விஷயம் தெரிந்தவர்தானா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பொத்தாம் பொதுவாக இல்லாமல் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூங்கில்காற்று

புதுநாற்று, அந்த இரண்டு நாள் பயிலரங்கை விட்டுவிடுங்கள். பாதுவான்ஜின் ஒன்றை மட்டும் எடுத்து ஆறு, எட்டு வாரம் நடத்துகிற வகுப்பு கிடைத்தால் அதில் சேருங்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பாதுவான்ஜினில் எட்டு அசைவுகள். ஒருமுறை முழுதாகச் செய்து முடிக்க ஏறக்குறைய 12 நிமிடம். ஆனால் ஓர் அசைவைக் காட்டி, எல்லோரையும் செய்யவைத்து, ஒவ்வொருவர் தோளையும் இடுப்பையும் பார்த்துத் திருத்த அரை மணி நேரமாவது வேண்டும். இருபது பேர் இருந்தால் அதுவும் போதாது. இரண்டு நாளில் ஐந்து தொகுப்பு என்றால் திருத்துவதற்கு நேரமே இருக்காது. வெறும் அசைவு வரிசையைப் பார்க்க வீடியோவே போதும். வகுப்புக்குப் போவதே திருத்தம் வாங்கத்தான்.

ஐந்தாவது அசைவை எடுத்துக்கொள்ளுங்கள், தலையைச் சுழற்றி வாலை ஆட்டி இதயத் தீயைத் தணிப்பது. கால்களை அகலமாக வைத்து, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி தாழ்ந்து நின்று, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். உடல் வலப்பக்கம் சாய்ந்து, முன்னே குனிந்து, வில்போல இடப்பக்கம் சுழன்று, பிறகு நிமிர்ந்து நடுவுக்கு வரும். பிறகு மறுபக்கம். இரண்டு பக்கமும் சேர்ந்தது ஒரு சுற்று, அப்படி மூன்று சுற்று. புதிதாகச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கழுத்தை மட்டும் வெட்டிச் சுழற்றுவார்கள். இடுப்பும் வால் எலும்பும் கல்லாக நிற்கும். அப்படிச் செய்தால் கழுத்து எலும்புகளுக்குத்தான் கேடு. சுழற்சி வால் எலும்பிலிருந்து தொடங்கவேண்டும். தலை அதன் பின்னால் தானாக வரவேண்டும். மோவாயை இழுத்துப் பிடிக்கவும் கூடாது, வேண்டுமென்றே அண்ணாக்கவும் கூடாது. எடை வலமிருந்து இடமாக மாறும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று ஆசிரியர் பார்க்கிறாரா, அதைக் கவனியுங்கள். அதைப் பார்க்காத ஆசிரியரிடம் இந்த அசைவைக் கற்க வேண்டாம்.

எட்டாவது அசைவு பார்க்க எளிது. குதிகாலை உயர்த்தி இறக்கவேண்டும், ஏழு முறை. மேலே போனதும் கால்விரல்கள் தரையைப் பற்றி, உச்சந்தலை நிமிர்ந்து, தோள் தளர்ந்து ஒரு கணம் நிற்கவேண்டும். இறங்கும்போது பாதித் தூரம் மெதுவாக வந்து, கடைசியில் லேசாகத் தட்டினால் போதும். பல் மெல்ல மூடியிருக்கட்டும். பலர் தொப்பென்று போடுகிறார்கள். அந்த அதிர்ச்சி முதுகுத்தண்டு வழியாக நேரே தலைக்கு ஏறும். மூட்டுத் தேய்மானமோ எலும்பு மெலிவோ உள்ளவர்கள் குதிகாலைத் தரையில் மெதுவாக வைத்தாலே போதும்.

தேன்மொழி

ஆறாவது அசைவில் (இரண்டு கையும் பாதம் தொடுவது) ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன். இரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலையை இதயத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். கை முழங்கால் வரை போனால் போதும். நிமிரும்போது கைகள் முன்னே நீண்டு உடலைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். வெறும் இடுப்பால் நிமிர்ந்தால் கீழ் முதுகு பிடித்துக்கொள்ளும்.

மூங்கில்காற்று, நிற்கும் பயிற்சியில் முழங்கால் வலி வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். அதைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

மூங்கில்காற்று

சொல்கிறேன் தேன்மொழி. ஜான் ஜுவாங் என்கிற அந்தப் பயிற்சியில் வலிக்குப் பொதுவாக மூன்று காரணங்கள்.

முதலாவது, தேவைக்கு மேல் தாழ்வது. தொடக்கத்தில் முழங்காலின் பூட்டு திறந்தாலே போதும், மடக்கித் தாழ வேண்டியதில்லை. மேலிருந்து குனிந்து பார்த்தால் கால்விரல் நுனி தெரியவேண்டும். தெரியாவிட்டால் முழங்கால் முன்னே போய்விட்டது என்று பொருள். இரண்டாவது, பாதம் ஒரு திசை, முழங்கால் ஒரு திசை. பாதங்கள் இணையாக, தோள் அகலத்தில். முழங்கால் இரண்டாம் விரலின் நேரே. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. இடுப்பை முன்னே தள்ளி வைத்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது உடலின் எடை குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் இறங்காமல் முழங்காலில் தங்கிவிடும். உயரமான முக்காலியின் விளிம்பில் உட்காரப் போகிற மாதிரி இடுப்பை அரை அங்குலம் பின்னே விட்டுப் பாருங்கள். தொடையின் முன்பக்க இறுக்கம் உடனே குறையும்.

கைகள் மார்பு உயரத்தில், பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்தது போல. முழங்கை தோளுக்குக் கீழே, அக்குளில் ஒரு முட்டை வைக்கும் அளவு இடைவெளி. நேரம்: முதல் வாரம் 3 நிமிடம், பிறகு வாரத்துக்கு 1 நிமிடம் கூட்டலாம். தொடை நடுங்கினால் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் குத்தினால் உடனே நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லித்தராமல் "வலியைத் தாங்கு, சி (உயிராற்றல்) பாய்கிறது" என்கிற ஆசிரியரிடமிருந்து விலகுங்கள்.

முடிக்கும் முறையும் முக்கியம். கைகளை இறக்கி, உள்ளங்கைகளைத் தொப்புளுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 2 நிமிடம் அப்படியே நில்லுங்கள். பிறகு முகத்தைத் தேய்த்து, நாலடி நடக்கலாம். பலர் இதைத் தவிர்த்துவிட்டுத் தலை கனக்கிறது என்பார்கள்.

ஓலைச்சுவடி

"5000 ஆண்டுப் பழமையான மாறாத கலை" என்று விளம்பரம் செய்கிற வகுப்பு என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். மூச்சும் அசைவும் சேர்ந்த பயிற்சிகள் மிகப் பழையவைதான். 1973இல் சாங்ஷா நகரின் மாவாங்துய் மூன்றாம் கல்லறையில் பட்டில் வரைந்த ஓர் உடற்பயிற்சிப் படம் கிடைத்தது. அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். படத்தில் 44 மனித உருவங்கள். அப்போதைய பெயர் தாவோயின். ஆனால் சிகோங் என்ற சொல் இப்போதைய பொருளில் பரவியது 1950களில்தான், சீனத்தில் அரசு ஆதரவோடு மருத்துவ நிலையங்களில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது. புதுநாற்று பட்டியலிட்ட ஐந்தில் முதல் நான்கும் இன்று உலகமெங்கும் ஒரே மாதிரி கற்பிக்கப்படுகிறதென்றால், அதற்குக் காரணம் 2003இல் சீன உடல்நலச் சிகோங் சங்கம் அந்த நான்கையும் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. எந்த வடிவத்தைச் சொல்லித் தருகிறீர்கள், 2003 வடிவமா, குடும்ப மரபா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தெரிந்தவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

தேன்மொழி

ஆறு ஒலிப் பயிற்சிக்கும் ஒரு குறிப்பு. ஷ்யூ கல்லீரலுக்கு, ஹெ இதயத்துக்கு, ஹூ மண்ணீரலுக்கு, ஸ்ஸ் நுரையீரலுக்கு, ச்சுய் சிறுநீரகத்துக்கு, ஷி மூன்று வெப்ப மண்டலத்துக்கு (உடலின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைச் சேர்த்து அப்படிச் சொல்வார்கள்). 2003 வடிவத்தில் இதே வரிசையில் ஒவ்வொன்றும் 6 முறை. தமிழெழுத்தில் எழுதிவைத்துப் படித்தால் நிச்சயம் தப்பாகும், நான் மேலே எழுதியதும் கிட்டத்தட்டத்தான். குறிப்பேட்டில் ஒலியை எழுதாமல் வாயின் வடிவத்தை எழுதுங்கள். நுரையீரல் ஒலிக்கு மேல்பல்லும் கீழ்பல்லும் நேராக நெருங்கி நிற்கும், நாக்கு நுனி கீழ்பல்லின் பின்புறம் தொடும், காற்று பல்லிடுக்கு வழியே வெளியேறும். ஹூ என்பதற்கு உதடு குவிந்து வட்டமாகும். முதலில் ஒலி கேட்கும்படி செய்து, வாய்வடிவம் சரியான பிறகு ஒலியைக் குறைத்து மூச்சு மட்டும் போகும்படி செய்வது முறை. வெளிமூச்சைக் கடைசிச் சொட்டுவரை பிழிய வேண்டாம். அடுத்த உள்மூச்சு அவசரமாகப் பாய்ந்தால், முந்தின மூச்சை அளவுக்கு மேல் நீட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நாடிவிரல்

மருத்துவ வகுப்பைப் பற்றி நான் எழுதுகிறேன்.

செவ்வியல் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு இடங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் தொடங்கியபோது பாடத்திட்டம் ஒரே சீராக்கப்பட்டது. உறுப்புவாரியாக நோய்க்கோலங்களை (சேர்ந்து வரும் குறிகளின் தொகுப்புகளை) பிரித்து, கோலத்துக்கு ஒரு மருந்து என்று அடுக்கினார்கள். செவ்வியல் வகுப்பு என்பது அதற்கு முந்தைய மூல நூல்களை நேரடியாக வாசிப்பது. குறைந்தது நான்கு நூல் இருக்கவேண்டும்: நெய்ஜிங் (ஸுவென், லிங்ஷு என்று இரு பகுதி, பகுதிக்கு 81 இயல்), 81 கேள்விகளாக அமைந்த நான்ஜிங், ஷாங் ஹான் லுன், ஜின்குய் யாவ்லுவே. இதில் ஒன்றைக்கூட வரிவரியாக வாசிக்காமல் செவ்வியல் என்று பெயர் மட்டும் வைத்திருக்கும் வகுப்புகள் நிறைய.

எப்படி வாசிக்கவேண்டும் என்பதற்கு ஷாங் ஹான் லுன்னின் முதல் மருந்தையே காட்டுகிறேன், க்வெய் ஜி தாங். பொருள் ஐந்துதான்: கேசியா (ஒரு வகை இலவங்கப்பட்டை) மரக்குச்சி 3 லியாங் (பழைய சீன எடை அளவு), பியோனி வேர் 3 லியாங், வறுத்த அதிமதுரம் 2 லியாங், பச்சை இஞ்சி 3 லியாங், சீன இலந்தை 12. 7 ஷெங் தண்ணீரில் சிறுதீயில் காய்ச்சி 3 ஷெங்காக வற்றவைத்து, 1 ஷெங் குடிக்கவேண்டும். ஹான் அரசமரபுக் காலத்து ஷெங் ஏறக்குறைய 200 மி.லி., ஆக 1400 மி.லி. 600 ஆகிறது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நூல் நிறுத்தவில்லை. குடித்த சிறிது நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சி ஒரு ஷெங்குக்குச் சற்று அதிகம் குடிக்கச் சொல்கிறது. போர்த்திக்கொண்டு சுமார் இரண்டு மணி நேரம் இருக்கவேண்டும். உடல் முழுதும் ஈரம் கசிந்த மாதிரி மெல்லிய வியர்வை வரவேண்டும். தண்ணீராய் ஓடினால் நோய் போகாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஒரு வேளையில் வியர்த்துக் குணமானால் மீதியைக் குடிக்கவேண்டாம். வியர்க்காவிட்டால் இடைவெளியைக் குறைத்து அரை நாளுக்குள் மூன்று வேளையும் முடிக்கவேண்டும். கஞ்சியும் போர்வையும் இல்லாமல் கஷாயத்தை மட்டும் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்றால் அது மருந்தின் குறையல்ல.

அடுத்து அளவு. இதே ஐந்து பொருள், கேசியாக் குச்சியை 3இலிருந்து 5 லியாங்காகக் கூட்டினால், அடிவயிற்றிலிருந்து மேலே பாய்கிற "ஓடும் பன்றிக்குட்டி" என்ற நோய்க்கான மருந்து. பியோனியை 3இலிருந்து 6 ஆக்கினால் வயிறு உப்பி வலிப்பதற்கு. பெயர் மாறுகிறது, வேலை மாறுகிறது, பொருள் மாறவில்லை. ஆசிரியர் இதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அந்த வகுப்பு நல்ல வகுப்பு. அளவே இல்லாமல் பொருள் பட்டியல் மட்டும் கொடுத்தால் மாணவர் எதையும் கற்றிருக்க மாட்டார்.

லியாங்கை கிராமாக மாற்றுவதில் பெரிய சச்சரவு உண்டு. ஹான் காலத்து எடைப்படி 1 லியாங் சுமார் 14 முதல் 16 கிராம். பிற்கால மரபில் பலர் 3 கிராம் என்றே எடுக்கிறார்கள். 3 லியாங் ஓரிடத்தில் 9 கிராம், இன்னோரிடத்தில் 45 கிராம். தங்கள் வகுப்பில் எந்தக் கணக்கு என்று முதல் நாளே கேட்டு எழுதிவையுங்கள். இரண்டு ஆசிரியர்களின் குறிப்புகளைக் கலந்து வைத்துக்கொண்டால் ஐந்து மடங்கு பிழை வரும்.

வேம்பன்

நாடிவிரல் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. மூல நூலை முதலிலேயே கையில் கொடுத்தால் புதியவர் தவிப்பார். ஷாங் ஹான் லுன் சுருக்கமாகப் பேசுகிற நூல், ஒரு வரியில் நான்கு குறி சொல்லிவிட்டு மருந்துக்குப் போய்விடும். அடிப்படை ஏதும் தெரியாதவர் "தாய்யாங்" (அந்நூலில் நோயின் ஆறு நிலைகளில் முதலாவது) என்ற சொல்லை மூன்று விதமாகப் புரிந்துகொள்வார். நவீனப் பாடப்புத்தகத்தின் உறுப்புக் கோலங்களை ஆறு மாதம் படித்துவிட்டு மூல நூலுக்குப் போவதே நல்லது. அந்தச் சீர்திருத்தத்தால் கற்பிப்பது எளிதாயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாடிவிரல்

வேம்பன், எளிதாயிற்று என்பது உண்மை. தவிப்பும் உண்மை. ஆனால் கோலப்பட்டியலை முதலில் மனப்பாடம் செய்தவர், மூல நூலை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியையும் அந்தப் பட்டியலின் ஒரு பெட்டிக்குள் தள்ளிவிடுகிறார். வியர்வை உண்டா, குளிர் பிடிக்கிறதா, நாடி மிதக்கிறதா (லேசாகத் தொட்டதுமே தெரிகிறதா) என்று நூல் கேட்கிற கேள்விகள் அவர் காதில் விழுவதில்லை. "மிதக்கும் இறுக்கமான நாடி, காய்ச்சல், வியர்வை இல்லை என்றால் க்வெய் ஜி தாங் கொடுக்காதே" என்று அந்த நூலே தடுக்கிறது. பெட்டிக்காரருக்கு அது "வெளிக்குளிர்" என்ற ஒரே பெட்டி. சேர்ந்து படிக்கலாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்: வாரத்தில் ஒரு நாள் பாடப்புத்தகம், ஒரு நாள் மூல நூலில் ஐந்து வரி.

வேம்பன்

அந்த ஏற்பாடு சரி, ஐயா. ஐந்து வரி என்ற அளவும் சரி.

செங்கழுநீர்

அக்குபங்சர் பயிலரங்குகள் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

புள்ளி குறிப்பதில் முதல் தப்பு சுன் அளவில் வரும். சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் அகலம். நான்கு விரல் சேர்த்தால் 3 சுன். உங்கள் விரலால் அளந்தால், உயரமானவருக்கும் குழந்தைக்கும் புள்ளி இடம் மாறிவிடும். இதைவிட நம்பகமானது எலும்புக் கணக்கு: முழங்கால் பின்மடிப்பிலிருந்து வெளிக்கணுக்கால் முனைவரை 16 சுன், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்புவரை 12 சுன். ஓர் எலாஸ்டிக் பட்டையில் 16 சம பாகம் கோடு போட்டு, காலின் நீளத்துக்கு இழுத்துப் பிடித்தால் எந்த உடலுக்கும் அளவு சரியாக விழும். ஸுசான்லி புள்ளி முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து 3 சுன் கீழே, கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அளந்து முடித்ததும் விரலால் அழுத்தித் தேட வேண்டும், அளவு அக்கம்பக்கம்தான் கொண்டுவிடும். கூடத்தில் பத்துப் பேரின் காலில் பேனாவால் புள்ளி வைத்து, ஆசிரியர் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துச் சொல்லும் வகுப்பு இதற்கு ஏற்றது.

வார இறுதியில் படித்துவிட்டு ஊசி குத்துவது வேண்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மருத்துவர் அல்லாதவருக்கு முழுப் பயிற்சி 2500 மணி நேரம். தோள்மேட்டில் இருக்கும் ஜியான்ஜிங் புள்ளியின் நேர் கீழே நுரையீரலின் உச்சி. ஆழமாகப் போனால் நுரையீரல் சுருங்கும். கர்ப்பிணிக்கு ஹெகு (கையில்), சான்யின்ஜியாவ் (காலின் உள்பக்கம்) என்ற இரண்டு புள்ளிகளும் மரபில் விலக்கு. விரலால் அழுத்திப் பழகுங்கள், அதற்கே ஓராண்டு போதாது.

ஓலைச்சுவடி

மூலிகை வகுப்பில் சேர்ந்தால் சீனப் பெயரோடு தாவரவியல் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஹான் ஃபாங் ஜி (ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா) இருக்கவேண்டிய இடத்தில் குவாங் ஃபாங் ஜி (அரிஸ்டோலோகியா ஃபாங்சி) கலந்திருந்தது. பின்னதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. இரண்டுக்கும் வாயில் வழங்குகிற பெயர் ஃபாங் ஜி. ஃபூ ஸி என்கிற அகோனைட் வேரும் ஆபத்தானது, பக்குவமும் நீண்ட கொதியும் இல்லாவிட்டால் இதயத்துடிப்பைக் குலைக்கும். இதை வீட்டில் செய்து பார்க்கச் சொல்கிற வகுப்பு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதிமதுரமும் நாட்கணக்கில் அதிகம் போனால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

தேன்மொழி

மனநலம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நீண்ட நேர மூச்சடக்கம், பல மணி நேரத் தியானம், தூக்கமில்லாத பல நாள் முகாம், இவை சிலருக்கு மனக் குழப்பத்தைக் கொண்டுவரும். மரபில் இதற்குத் தீ வழிதவறுதல் என்று பெயர். 1994இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலிலும் சிகோங் சார்ந்த மனநோய் எதிர்வினை என்று ஒரு பதிவு இருந்தது. உளச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தவர்கள் தீவிர முகாம்களைத் தவிர்த்து, கண் திறந்து அசைவோடு செய்யும் பயிற்சிகளில் மட்டும் இருப்பது நல்லது. உங்கள் மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆசிரியரிடம் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது.

புதுநாற்று

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாதுவான்ஜின் எட்டு வாரம் எடுக்கிறேன். ஆன்லைன் வகுப்பில் அளவுக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சேர்கிறேன். கடைசியாக ஒன்று: நாடி பார்ப்பதை ஆன்லைனில் கற்கமுடியுமா? வீட்டில் எப்படிப் பழகுவது?

நாடிவிரல்

முழுதாக முடியாது, ஆனால் பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம்.

மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தேடுங்கள். அதன் உள்பக்கம் நடுவிரலை முதலில் வையுங்கள், அந்த இடத்தின் பெயர் குவான். பிறகு மணிக்கட்டை நோக்கி ஆள்காட்டி விரல், சுன் (இங்கே இது அளவு அல்ல, நாடி பார்க்கும் இடத்தின் பெயர்). முழங்கையை நோக்கி மோதிர விரல், ச்சி. உயரமானவருக்கு விரல்களைச் சற்று விரித்தும் குட்டையானவருக்கு நெருக்கியும் வைக்கவேண்டும். விரல் நுனியின் சதைதான் படவேண்டும், நகப்பக்கம் அல்ல. கட்டைவிரலால் பார்க்கவே கூடாது, உங்கள் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். வாட்சைக் கழற்றச் சொல்லுங்கள். மணிக்கட்டு இதய உயரத்தில், அடியில் சிறு மெத்தை.

முதல் மாதம் வேகம் மட்டும். உங்கள் ஒரு முழுமூச்சுக்கு (உள்ளும் வெளியும் சேர்ந்து) 4 அல்லது 5 துடிப்பு இயல்பு. 3 மந்தம், 6 விரைவு. இரண்டாவது மாதம் ஆழம் மட்டும். நான்ஜிங்கின் ஐந்தாம் கேள்வி இதைப் பயற்று எடையில் சொல்கிறது: 3 பயறு எடை தோலளவு, 6 இரத்தக்குழாய், 9 தசை, 12 தசைநார், பிறகு எலும்புவரை. சிறிய டிஜிட்டல் தராசின்மேல் மூன்று விரலையும் வைத்து எண் ஆடாமல் அழுத்திப் பழகுங்கள். மூன்று விரலும் ஒரே எடையில் அழுத்துவது முதலில் யாருக்கும் வராது. மோதிர விரல் தளர்ந்துவிடும். அதனால்தான் புதியவர்கள் எல்லோருடைய ச்சி நாடியும் பலவீனம் என்று எழுதுவார்கள்.

மெல்லிய, வழுக்கும், இறுகிய என்ற தன்மைகளுக்கு நேரடி வகுப்பு வேண்டும். ஒரே கையை இரண்டு பேர் பார்த்து, பேசிக்கொள்ளாமல் தனித்தனித் தாளில் எழுதி, பிறகு ஒப்பிடுகிற பயிலரங்காகத் தேடுங்கள். ஸுவென் விடியற்காலையில் நாடி பார்க்கச் சொல்கிறது. அது முடியாவிட்டால், சாப்பிட்டதும், படியேறியதும், பாதுவான்ஜின் முடித்ததும் பார்க்கவேண்டாம். ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு கைக்கும் ஒரு நிமிடமாவது விரலை எடுக்காமல் வையுங்கள்.